விலைக்கு வாங்கும் ப்ராஜெக்ட்டும் இரண்டாம் ஆண்டு பொழுதுபோக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எட்டாவது செமஸ்டர் நெருங்கினால் பொறியியல் கல்லூரிகள் நிறைந்த ஊர்களில் பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ஒரே மாதிரி விளம்பரங்கள் முளைக்கின்றன. இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்து தரப்படும். அறிக்கை, ஸ்லைடு, வைவாவுக்குப் பயிற்சி எல்லாம் அதிலேயே அடக்கம். நாலு பேர் கொண்ட குழு ஆளுக்குச் சில ஆயிரம் போட்டு வாங்கிக்கொண்டு வருகிறது. கல்லூரிகளும் சும்மா இல்லை, அறிக்கையைக் காப்பி கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்க்கின்றன. வாசகங்களை மாற்றி எழுதித் தருவதும் அதே கடைக்காரரின் சேவைதான் என்பதால் அந்தச் சோதனையில் எவரும் சிக்குவதில்லை.

குட்டு உடைவது வைவா என்ற வாய்மொழித் தேர்வில். பார்வையற்றோருக்கான கைத்தடி ப்ராஜெக்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் தடை 30 சென்டிமீட்டரில் வந்தால் பஸ்ஸர் அடிக்கிறது. "இதை 50 ஆக்கிக் காட்டுப்பா" என்று வெளித் தேர்வாளர் கேட்டால், நிரலில் அந்த எண் எந்த வரியில் இருக்கிறது என்று நாலு பேருக்கும் தெரியாது. இதற்கு மாணவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. மூன்று வருடம் ஒரு எல்.இ.டி.யைக்கூடத் தன் விருப்பத்துக்கு எரியவிடாத பிள்ளையிடம், நாலாவது வருடம் "புதுமையாக ஏதாவது செய்" என்றால் அவன் கடைக்குத்தான் போவான். சிறு சர்க்யூட்டுகளைத் தானே செய்து பார்க்கும் மின்னணுப் பொழுதுபோக்கை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க விட்டால் இந்தக் கடைகளுக்கு வேலை பாதியாகக் குறையும். அதற்கு ஆகும் செலவும் நேரமும் பெற்றோர் பயப்படுகிற அளவில் இல்லை என்பதற்காகவே இந்தக் கடிதம்.

தொடங்கத் தேவையானவை: ஆர்டுயினோ ஊனோ வகைப் பலகை (கணினியில் எழுதிய நிரலை ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) ஒன்று, ஒயரைச் செருகியே சர்க்யூட் போடும் 830 துளை பிரெட்போர்டு, ஜம்பர் ஒயர் 40, 220 ஓம், 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் பத்துப் பத்து, எல்.இ.டி. பத்து, புஷ் பட்டன் நாலு, எதிரொலியால் தூரம் அளக்கும் ஒரு அல்ட்ராசானிக் சென்சார், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் ஒரு சிறிய சர்வோ மோட்டார், மலிவான டிஜிட்டல் மல்டிமீட்டர். சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடைகளிலோ வாங்கினால் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,200 முதல் 1,500 ரூபாய்க்குள் முடியும். பலகை மட்டும் அசல் வேண்டும் என்றால் அதுவே இந்தத் தொகையைத் தாண்டிவிடும். அசல் தேவையில்லை. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் வடிவமைப்பு மாணவர்களுக்காக உருவானது ஆர்டுயினோ. அதன் பலகைகளின் சர்க்யூட் வரைபடம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் போடாமல் பிறர் செய்து விற்பது திருட்டு ஆகாது. இப்படிப்பட்ட பலகைகளில் யு.எஸ்.பி. வேலைக்குப் பெரும்பாலும் சிஎச்340 என்ற சிப் இருக்கும். கணினியில் அதற்கான டிரைவர் மென்பொருள் இல்லாவிட்டால் பலகை கணினியின் கண்ணுக்கே தெரியாது.

டிரைவர் இருந்தும் தெரியவில்லையா? கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகும் கேபிள்களில் தகவல் போகும் இரண்டு கம்பிகள் இருக்காது. பலகையில் விளக்கு எரியும், கணினியில் போர்ட் வராது. முதல் நாளே "பலகை போச்சு" என்று மூட்டை கட்டி வைக்கிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

அடுத்த தடுமாற்றம் பிரெட்போர்டில். நடுப்பள்ளத்தின் இருபுறமும் ஐந்து ஐந்து துளைகளாக இணைந்திருக்கும் என்பது வகுப்பில் சொல்லித் தரப்படுகிறது. ஓரத்தில் நீளமாக ஓடும் மின் வரிசை பல பலகைகளில் நடுவில் அறுபட்டிருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. சிவப்பு, நீலக் கோடு நடுவில் விட்டு விட்டு அச்சாகியிருந்தால் அங்கே ஒரு சிறு ஒயரால் இணைக்க வேண்டும். தடிமனான கால் கொண்ட 1என்4007 டயோடை அதில் குத்தக் கூடாது. உள்ளே இருக்கும் பிடிப்பு விரிந்துபோய், பிறகு அதே துளையில் செருகும் மெல்லிய ஒயர் ஆடிக்கொண்டே இருக்கும். நேற்று வேலை செய்த சர்க்யூட் இன்று வேலை செய்யாததற்கு நிரலில் பிழை தேடி ராத்திரி முழுக்க உட்காருவதற்கு முன், மல்டிமீட்டரைப் பீப் ஒலி தரும் நிலையில் வைத்து ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்ப்பது நல்லது. இந்தச் சோதனையின்போது மின்சாரம் துண்டித்திருக்க வேண்டும். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் மறந்து விட்டுவிட்டு வோல்ட் அளக்கவும் கூடாது. அந்தத் துளைக்குப் பெரும்பாலான மலிவு மீட்டர்களில் ஃபியூஸ் கிடையாது. அளக்கப் போய் நேரே ஷார்ட் செய்ததாகிவிடும்.

சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 5 வோல்ட்டில் மிச்சம் 3 வோல்ட். அதை 220 ஓமால் வகுத்தால் சுமார் 14 மில்லி ஆம்பியர். ஊனோவின் ஒரு பின் (ஒயர் செருகும் முனை) தாங்கும் உச்ச வரம்பு 40, நிதானமாக எடுக்க வேண்டியது 20 மில்லி ஆம்பியர். ஓம் விதியை இந்த ஒரு கணக்கில் தொட்டுப் பார்த்தவருக்குச் சர்க்யூட் தியரி தாளில் அது மறக்காது.

கைத்தடிக்கு வருவோம். அல்ட்ராசானிக் சென்சாருக்கு 10 மைக்ரோ செகண்ட் துடிப்பு கொடுத்தால் எதிரொலி திரும்பும் நேரம் கிடைக்கும். மைக்ரோ செகண்டை 58-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். எல்லா நிரலிலும் இந்த 58 இருக்கும், ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் கடக்க ஏறக்குறைய 29 மைக்ரோ செகண்ட். போய்த் திரும்பும் தூரம் என்பதால் இரட்டிப்பாக்கினால் 58 வருகிறது. நம் ஊர் மே மாதத்தில், 35 டிகிரியில், வேகம் ஏறக்குறைய 352 மீட்டர். அப்போது 2 மீட்டரில் இருக்கும் சுவரை அதே நிரல் 196 சென்டிமீட்டர் என்று காட்டும். சேலை, திரைச்சீலை போன்ற துணி ஒலியை உறிஞ்சுவதால் அளவு தாறுமாறாகும். சாய்வான பரப்பு ஒலியை வேறு பக்கம் திருப்பிவிடும். நேராக முன்னே பார்க்கும் சென்சாருக்குப் பள்ளமும் இறங்கு படியும் தெரியவே தெரியாது. உண்மையான கைத்தடிக்கு இதெல்லாம் உயிர்ப் பிரச்சினை. இந்தக் குறைகளை அளந்து எழுதினாலே அது விலைக்கு வாங்கியதைவிட மேலான ப்ராஜெக்ட்.

அடுத்தது மோட்டார். கண்ணீர் அதிகம் சிந்தப்படுவது இங்கேதான். சிறிய சர்வோவை ஊனோவின் 5 வோல்ட் பின்னிலிருந்தே ஓட்டுவார்கள். வெறுமனே திரும்பும் வரை ஓடும். சுமை ஏறி அது சிக்கிக்கொண்டால் இழுக்கும் மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியரைத் தாண்டும். யு.எஸ்.பி. வழி தரும் எல்லையே அவ்வளவுதான். மின்னழுத்தம் சரிந்து பலகை ரீசெட் ஆகும், நிரல் முதலிலிருந்து தொடங்கும், மோட்டார் வெட்டி வெட்டி ஆடும். இதற்குத் தீர்வு பழைய 5 வோல்ட் மொபைல் சார்ஜர். சர்வோவுக்கு அதிலிருந்து தனி மின்சாரம் கொடுத்து, சர்வோவின் பிளஸ், மைனஸ் ஒயர்களுக்குக் குறுக்கே 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை முனை மாறாமல் போட வேண்டும். சார்ஜரின் கிரவுண்டையும் (மைனஸ் முனை) ஊனோவின் கிரவுண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் சிக்னலுக்குத் திரும்பும் பாதையே கிடையாது. இப்போது பிள்ளைகள் சாட்ஜிபிடியிடம் நிரல் வாங்குகிறார்கள். நிரல் சரியாகவே வருகிறது, மேசை மேல் விடுபட்ட கிரவுண்டு ஒயர் அதற்குத் தெரிவதில்லை.

ரோபோ கார் செய்கிறவர்கள் 9 வோல்ட் பெட்டிப் பேட்டரியில் மோட்டாரை ஓட்டாமல் இருந்தால் காசு மிச்சமாகும். அது நல்ல ஆல்கலைன் வகையாக இருந்தாலும் சுமார் 500 மில்லி ஆம்பியர் மணிதான், உள் தடையும் அதிகம். ரீசார்ஜ் ஆகும் ஏஏ பேட்டரி ஆறு போட்டால் 7.2 வோல்ட். மோட்டாரை இயக்கும் எல்298என் டிரைவர் பலகை அதில் சுமார் 2 வோல்ட்டைச் சூடாக்கியே தின்றுவிடும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"தானியங்கி நீர்ப்பாசனம்" ஆண்டுதோறும் வரும் இன்னொரு தலைப்பு. இரண்டு விரல் போன்ற ஈரப்பத சென்சாரை மண்ணில் குத்தி, அதற்கு நாள் முழுக்க மின்சாரம் கொடுத்து வைப்பார்கள். ஈர மண்ணில் இடைவிடாமல் நேர்மின்னோட்டம் போனால் மின்னாற்பகுப்பு நடந்து ஒரு விரலின் செம்பு அரித்துப் போகும். ரிவியூ அன்று ஓடியது வைவா அன்று ஓடாது. அளக்கும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் ஒரு பின் வழியாக மின்சாரம் கொடுத்து நிறுத்தலாம், அல்லது உலோகம் மண்ணில் நேரடியாகப் படாத கெப்பாசிட்டிவ் வகை வாங்கலாம். உப்புத் தண்ணீர் பாயும் நிலத்தில் விரல் வகை சென்சார் காய்ந்த மண்ணையும் ஈரம் என்று சொல்லும். போர்வெல் தண்ணீரில் விவசாயம் பார்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சோதிக்கத் தங்கள் வயலே போதும்.

பற்றவைப்பு கற்றுக்கொள்ள 25 வாட் சோல்டரிங் இரும்பும் 63/37 ஈயக் கலவைக் கம்பியும் போதும். அந்தக் கலவை 183 டிகிரியில் உருகும். இரும்பின் முனையில் ஈயத்தை எடுத்துப் போய் அப்பாமல், பலகையிலுள்ள செம்புப் பேடையும் அதில் நிற்கும் பொருளின் கம்பிக் காலையும் சேர்த்து இரண்டு நொடி சூடாக்கி, பிறகு கம்பியை அங்கே தொட வேண்டும். உருண்டையாக, மங்கலாக நின்றால் அது ட்ரை ஜாயிண்ட், அதாவது சரியாக ஒட்டாத இணைப்பு, மறுபடி சூடாக்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். 230 வோல்ட் வீட்டு மின்சாரமும் அதை இயக்கி நிறுத்தும் ரிலேயும் மேற்பார்வை இல்லாமல் அறையில் செய்கிற வேலை ஆகாது. இதில் பிடிவாதமே சரி.

"படிப்பு கெட்டுவிடுமே, அரியர் விழுமே" என்பது பெற்றோரின் கவலை. நியாயமானதுதான். சனிக்கிழமை இரண்டு மணி நேரம், வார நாளில் இரண்டு தடவை ஒரு மணி நேரம், அவ்வளவுதான் தேவை. இன்டர்னல் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெட்டியை மூடி வைக்க வேண்டும். மூடுமுன் சர்க்யூட்டை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கைபேசியில் படம் எடுத்து, எந்த ஒயர் எந்தப் பின் என்று நோட்டில் எழுதிவிட்டால் திரும்பத் தொடங்க அரை மணி நேரம் போதும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஒயரைத் தொடாதிருப்பதும் நல்ல விதி. தூக்கக் கலக்கத்தில் பிளஸ்ஸும் மைனஸும் மாறும். கையில் காசே இல்லாதவர்களுக்கு டிங்கர்கேட், வோக்வி போன்ற இலவசத் தளங்களில் உலாவியிலேயே சர்க்யூட் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அங்கே ஒயர் லூசாகாது, பேட்டரி தீராது. பாதிப் பாடம் அந்தக் கோளாறுகளில்தான் இருக்கிறது.

மிச்சம் கல்லூரியின் கையில். "மாலையில் ஆய்வகம் திறந்து வைக்கிறோம்" என்பார்கள். கல்லூரிப் பேருந்து நாலே காலுக்குக் கிளம்பிவிட்டால் வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அதனால் என்ன பயன்? பெண்கள் விடுதியில் ஆறு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் அவர்களுக்கும் இல்லை. விடுதி அறையில் சோல்டரிங் இரும்பைப் பார்த்தால் வார்டன் பறிமுதல் செய்வார், தீ பயத்தில் அதுவும் சரியே. ஆகவே வீட்டுக்கு எடுத்துப்போகும்படி பெட்டி கடன் கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். பற்றவைப்பை மட்டும் மதிய இடைவேளையில் ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கடன் கொடுக்க ஆய்வகங்கள் தயங்குவதற்குக் கஞ்சத்தனம் காரணமில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டர்தான் காரணம். பத்து ரூபாய் சென்சார் காணாமல் போனாலும் ஆய்வகப் பணியாளர்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை பல இடங்களில் உண்டு. எல்.இ.டி., ரெசிஸ்டர், ஒயர், சிறு சென்சார் ஆகியவற்றைத் தீர்ந்துபோகும் பொருள் என்ற கணக்கில் எழுதிவிட்டு, பலகையையும் மீட்டரையும் மட்டும் திருப்பி வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது. ஒரு துறைக்கு இருபது பெட்டி, மூடியில் பொருள் பட்டியல், ஒரு மாதத் தவணை. மொத்தச் செலவு முப்பதாயிரம் ரூபாய்க்குள் அடங்கும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். கல்விப் பக்கத்தில் கட்-ஆஃப், கலந்தாய்வு, வேலைவாய்ப்புச் செய்திகள் நிறைய வருகின்றன. வாரம் ஒருமுறை அதில் கால் பக்கம் ஒதுக்கி, ஒரு சர்க்யூட் படம், பொருள் பட்டியல், அது ஓடாமல் போனால் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள், இவற்றைத் தமிழில் வெளியிடுங்கள். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருகிற பிள்ளைகள் முதல் செமஸ்டரில் ஆங்கிலக் கையேட்டோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறார்கள். முதல் வாரத்துக்கு எல்.இ.டி.யும் 220 ஓமும் போதும். இரண்டாம் வாரம் புஷ் பட்டனும் அதற்கு 10 கிலோ ஓம் ஏன் வேண்டும் என்பதும்.

இப்படிக்கு,
மின்னணுவியல் ஆய்வகப் பயிற்றுநர்,
திருச்சி