வன்னிக் கிராமச் சங்கங்களின் செயலாளர்களுக்கு: போன வருடக் கடிதத்தைத் திறக்காதீர்கள்

அன்பான செயலாளர்களே,

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம் என்று நீங்கள் எதில் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். பரந்தன் பக்கம் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் பன்னிரண்டு வருடமாகக் கடிதம் அடிக்கிறேன். உங்களில் பலருடைய பென்ட்ரைவ் என் கையால் போய் வந்திருக்கிறது.

போன வருடம் ஐப்பசி தொடங்க முதல் ஒரு மாதர் சங்கத்தின் செயலாளர் அக்கா வந்தார். குளத்துக்குப் போகிற வீதியில் மதகு உடைந்துவிட்டது, மழைக்கு முதல் திருத்தித் தரவேண்டும் என்று ஒரு கடிதம். "தங்கச்சி, பழசு இதில இருக்கு. திகதியையும் பேரையும் மாத்தித் தாங்கோ." மாற்றினேன். தலைவரும் பொருளாளரும் கையெழுத்து வைத்து, சீல் குத்திக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மூன்று கிழமை கழித்துக் கடிதம் திரும்பி வந்தது. மூன்றாம் பந்தியில் பக்கத்துக் கிராமத்தின் பெயர் இருந்தது. அந்தக் கடிதம் எப்போதோ பக்கத்துச் சங்கத்திடம் வாங்கியது. மேலே பெயரை மாற்றியவர்கள் உள்ளே பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. திருத்தி மறுபடி கொடுப்பதற்குள் மழை பிடித்துவிட்டது. மதகுக்கு மேலால் தண்ணீர் பாய, பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனதை நானே பார்த்தேன்.

அன்றிலிருந்து சொல்கிறேன்: பழைய கடிதத்தைத் திறந்து அதன் மேலேயே மாற்றுகிற வேலையை நிறுத்துங்கள். அதை ஒருமுறை டெம்ப்ளேட் ஆக்கி வையுங்கள்.

டெம்ப்ளேட் என்பதைத் தமிழில் வார்ப்புரு என்பார்கள். மீள்குடியேறி வீடு கட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சீமெந்துக் கல் அரிகிற அச்சுத்தான் அது. கல் வேண்டுமென்றால் அச்சில் புதிதாக அரிவோம், சுவரில் இருக்கிற கல்லைப் பெயர்த்துச் செதுக்கமாட்டோம். வேர்ட் டெம்ப்ளேட் கோப்பைப் போல்டரில் இரண்டு தரம் கிளிக் செய்தால் அது திறக்காது, அதன் பிரதியாகப் பெயரில்லாத புதிய கடிதம் ஒன்று திறக்கும். என்ன எழுதினாலும் அழித்தாலும் மூலம் அப்படியே இருக்கும். பழைய கடிதத்தின் மேல் சேவ் பண்ணி, போன வருடம் என்ன கேட்டோம் என்பதே தெரியாமல் போகிற நிலை வராது.

எப்படி ஆக்குவது? முதலில் கணினியைத் தொடாதீர்கள். உங்களிடம் உள்ள நல்ல கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு முறையும் மாறுகிறவற்றைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். திகதி, யாருக்கு, ஊடாக, பொருள், தொகை, வீதியின் பெயர். கடைசிப் பந்தி வரைக்கும் வாசித்து வட்டமிடுங்கள், அந்த மூன்றாம் பந்தி இங்கேதான் பிடிபடும். பிறகு வட்டமிட்ட இடங்களில் உள்ளதை அழித்து, சதுர அடைப்புக்குள் "வீதியின் பெயர்", "தொகை" என்று எழுதி மஞ்சள் நிறம் பூசுங்கள். பிரிண்ட் எடுக்க முதல் மஞ்சள் மிச்சமிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். கொஞ்சம் பழகியவர்கள் டெவலப்பர் பகுதியில் உள்ள நிரப்பும் பெட்டிகளைப் போடலாம். திகதிக்கு நாட்காட்டிப் பெட்டியே இருக்கிறது.

சங்கத்தின் பெயர், பதிவு இலக்கம், கடிதத்தலைப்பு, கையெழுத்து இடங்கள் மாறாதவை, அப்படியே விடுங்கள். ஆனால் உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியல், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் ஒன்றும் அதற்குள் இருக்கக்கூடாது. டெம்ப்ளேட் கை மாறிப் போகிற பொருள். எங்கள் சனத்தின் விபரம் அதோடு ஊர் சுற்ற விடாதீர்கள். அடையாள அட்டைக்குப் பத்துக் கட்டம் போட்ட பழைய படிவங்களும் இன்னும் வருகின்றன. 2016 முதல் வருகிற அட்டைகளுக்கு 12 இலக்கம். கட்டத்தைக் கூட்டுங்கள்.

எல்லாம் முடிந்தபின் சேவ் அஸ் போய், வகையில் வேர்ட் டெம்ப்ளேட் என்பதைத் தெரிவு செய்யுங்கள். இங்கே ஒரு விடயம் கவனம். வகையை மாற்றியதும் வேர்ட் தானாகவே டொக்கியுமென்ட்ஸுக்குள் உள்ள கஸ்டம் ஒபிஸ் டெம்ப்ளேட்ஸ் என்ற போல்டருக்குத் தாவிவிடும். "பென்ட்ரைவில சேவ் பண்ணினான், காணேல்லை" என்று வருகிறவர்களின் கோப்பு பெரும்பாலும் கடைக் கணினியில் அந்த இடத்தில்தான் கிடக்கும். வகையை மாற்றியபின் இடத்தையும் மாற்றுங்கள். லிப்ரே ஒபிஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே வசதி இலவசமாகவே உண்டு.

தானாக மாறுகிற திகதியை மட்டும் போடாதீர்கள். பங்குனியில் கொடுத்த கடிதத்தை ஆவணியில் திறந்தால் அது ஆவணித் திகதி காட்டும். எப்போது கொடுத்தோம் என்பதற்கு உங்களிடம் அத்தாட்சி இருக்காது.

அப்புறம் எழுத்து. உங்கள் பழைய கடிதங்களில் பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. பாமினி இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். டெம்ப்ளேட் ஆக்கும்போதே எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், திரும்பத் திரும்ப மாற்றத் தேவையில்லை. மாற்றியபின் ஒருமுறை வாசியுங்கள், சில எழுத்து இடம் மாறி நிற்கும். தமிழ் எழுத்தின் அளவு மாறவில்லை என்று பலர் சொல்வார்கள். வேர்ட் தமிழை ஆங்கிலத்தோடு சேர்க்காமல் கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று தனியாக வைத்திருக்கிறது. ஸ்டைலை, அதாவது எழுத்தின் தோற்ற அமைப்பைத் திருத்தும்போது எழுத்துருவையும் அளவையும் கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் பெட்டியிலும் கொடுக்கவேண்டும்.

2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, ஈர உடுப்போடு வந்து நின்றவர்களுக்கு ஒரே விதமான கடிதத்தை முதல் சொல்லிலிருந்து திரும்பத் திரும்ப அடித்தேன். வரிசையில் நின்ற ஒரு வயதான ஐயா நிலத்தில் இருந்துவிட்டார். எனக்கு அப்போது இது தெரிந்திருந்தால் அவரை அவ்வளவு நேரம் காக்க வைத்திருக்கமாட்டேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன். அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் புது நிர்வாகத்திடம் கூட்ட அறிக்கைப் புத்தகம், பற்றுச்சீட்டுப் புத்தகம், சீல் ஒப்படைக்கும்போது டெம்ப்ளேட் போல்டரையும் ஒப்படையுங்கள். எந்தெந்தக் கடிதம் அதில் இருக்கிறது என்று அறிக்கையில் எழுதுங்கள். போல்டரின் ஒரு பிரதி பொருளாளரிடமும் இருக்கட்டும். இப்போது செயலாளர் மாறினால் கடிதங்கள் அவருடைய மகனின் லப்டொப்போடு போய்விடுகின்றன.

அக்காவின் சங்கத்துக்கு ஏழு கடிதம் ஆக்கிக் கொடுத்திருக்கிறேன். உங்களுடையதையும் மழை தொடங்க முதல் கொண்டுவாருங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கடையில் சனம் குறைவு, பக்கத்தில் இருந்து சேர்ந்தே செய்யலாம். இதற்குக் காசு வேண்டாம்.

இவ்வண்ணம்,
பரந்தனில் கடிதம் அடிக்கும் உங்கள் தங்கச்சி