செயலாளர் ஆண்டறிக்கை: 2024 ஜூன் முதல் 2025 மே வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வர முடியாதவர்களும் படிக்க வேண்டும் என்பதால் இந்த முறை முழுவதையும் எழுத்திலேயே தருகிறேன்.

மும்பைக் கடலில் நீந்தும் நம் சங்கத்தின் செயற்குழு ஐந்து முறை கூடியது. பிள்ளையார் கரைப்புக்கு மறுநாள் ஜூஹு கரையில் துப்புரவு செய்தோம். பொங்கலை மணலிலேயே வைத்தோம். மாட்டுங்காவில் சிறுவர்களுக்காக ஒரு கூட்டம் நடத்தி, 1994-ல் பன்னிரண்டு வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த குற்றாலீஸ்வரனைப் பற்றிச் சொன்னோம். அதைக் கேட்ட நான்கு பிள்ளைகள் நீச்சல் குளத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறார்கள். மும்பைத் துறைமுகத்தில் சங்க் ராக் பாறையிலிருந்து கேட்வே ஆஃப் இந்தியா வரையிலான 5 கிலோமீட்டர் கடல் நீச்சலை நம்மவர்கள் ஏழு பேர் முடித்தார்கள்.

ஆகஸ்டில் கரையோரம் வெறுங்காலோடு நடந்த இருவரை ப்ளூ பாட்டில் என்ற, ஜெல்லி மீன் போன்ற கடல் உயிரி கொட்டியது. தென்மேற்குக் காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளும் காலம் அது. ஊதிய நீலப் பை போல மணலில் கிடக்கும். செத்தது என்று நினைத்து மிதித்தாலும் அதன் இழை கொட்டும். இழையை எடுத்துவிட்டுக் கடல் நீரில் கழுவுங்கள், பிறகு பொறுக்கும் அளவு வெந்நீரில் இருபது நிமிடம் காலை வையுங்கள். வினிகர் ஊற்ற வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.

அக்டோபர் முதல் மே வரை 26 ஞாயிறு கடலில் இறங்கினோம். இதில் நேரம் பற்றி வந்த புகார்களுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். "ஒரு வாரம் ஆறு மணி, அடுத்த வாரம் பத்து மணி என்றால் வீட்டில் என்ன சொல்வது?" என்று பலர் கேட்டீர்கள். கேள்வி நியாயமானது. ஆனால் பர்த்தி, அதாவது கடல் ஏறி நிறையும் நேரம், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகிறது. ஏழு நாளில் அது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதாவது இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கடல் நிறைந்திருந்தால், அடுத்த ஞாயிறு அதே ஆறு மணிக்கு வற்றிக் கிடக்கும். வற்றும் நேரத்தில் நாலாக்கள் எனும் சாக்கடைக் கால்வாய்களின் கழிவு நீர் கடலை நோக்கி இழுபடுகிறது. அதற்குள் நாம் இறங்கலாமா? ஏறி வரும் தண்ணீரின் கடைசி இரண்டு மணி நேரம்தான் நமக்குரியது.

இதற்காகத்தான் கடல் நோட்டு ஒன்றை ஆரம்பித்தேன். செயற்குழு செலவு ஒதுக்கவில்லை. சரி, நோட்டை நானே வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிறும் திதி, பர்த்தி நேரம், காற்று, அலை, கடைசியாக மழை பெய்த நாள் எல்லாவற்றையும் எழுதினேன். இடுப்பளவு தண்ணீரில் ஜாம் பாட்டிலை முக்கி எடுத்து, படகுப் பலகை மேல் ஒரு மணி நேரம் அசையாமல் வைப்பேன். நல்ல நாளில் அடியில் நூல் அளவு மணல்தான் இருக்கும். கெட்ட நாளில் விரற்கடை உயரத்துக்குச் சாம்பல் நிற வண்டல், அதன் மேல் ஒரு சாமந்தி இதழ், ஷாம்பு பாக்கெட்டின் கிழிந்த ஓரம். பாட்டில் தெளிவாக இருந்தால் கிருமி இல்லை என்று அர்த்தமல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் கலங்கியிருந்தால் இறங்கக் கூடாது என்பது நிச்சயம்.

நோட்டிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பர்த்தி நண்பகலுக்குப் பக்கத்தில் வரும், இழுப்பும் அதிகம். அஷ்டமி, நவமியை ஒட்டிக் காலை ஆறு மணிக்குப் பக்கத்தில் வரும், இழுப்பும் குறைவு. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைக் கிழிக்கும்போதே அந்த வார நேரத்தை ஓரளவு நீங்களே கணக்கிட்டுவிடலாம். சரியான நிமிடத்துக்கு அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்குப் பின் மூன்று நாள் இறங்குவதில்லை என்பது நம் விதி. பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் வரும். இந்த ஆண்டு மே 26-ஆம் தேதியே வந்துவிட்டது. அந்த வாரம் இறங்க வேண்டாம் என்று செய்தி அனுப்பியும் மூன்று பேர் இறங்கினார்கள். இருவருக்குக் காதில் சீழ், ஒருவருக்கு நான்கு நாள் வயிற்றுப்போக்கு. குணமாகிவிட்டார்கள்.

இப்போது படகு விஷயம். ஜனவரி மூன்றாம் ஞாயிறு, எலிஃபெண்டா தீவு முதல் கேட்வே வரையிலான 14 கிலோமீட்டர் நீச்சலுக்குப் பயிற்சியாக நம் மூத்த உறுப்பினர் ஒருவர் மூன்று மணி நேரம் நீந்தினார். அன்று விடியலில் தரைக்காற்று பலம். மும்பைக் கடலில் குளிரா என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கிலக் கால்வாயின் 15, 16 டிகிரியோடு ஒப்பிட்டால் நம் ஜனவரித் தண்ணீர் வெதுவெதுப்புதான். ஆனாலும் உடம்பைவிடக் குளிர்ந்த தண்ணீர், காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சிவிடும். ஒல்லியான உடம்பு, மூன்று மணி நேரம், குறுக்கலை வேறு.

அவர் கை போடுவது தளர்ந்ததும் படகைப் பக்கத்தில் கொண்டுபோய், நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, "எந்தக் கட்டிடத்தில் குடியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பாளையங்கோட்டையில் தான் சிறுவயதில் வளர்ந்த தெருவின் பெயரைச் சொன்னார். உதடு நீலம். படகுக்காரரும் நானுமாக அவரை இழுத்து ஏற்றினோம். படகு ஒரு பக்கம் சாய்ந்து பாதி அலை உள்ளே வந்தது. எஞ்சினைப் பிடிக்கவும் ஆளில்லை. ஈரத்தைக் கழற்றி, உலர்ந்த துணியும் என் ஸ்வெட்டரும் சுற்றி, இனிப்புத் தேநீர் கொடுத்தோம். தண்ணீரிலிருந்து எடுத்த பிறகும் உடம்புச் சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்; அதனால் நடக்க விடவில்லை. முக்கால் மணி கழித்து அதே கேள்விக்கு மாட்டுங்கா என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நீந்துபவர்களோடு படகில் காவலுக்கு வருவதைத்தான் படகு முறை என்கிறோம். அன்று அந்த முறைக்குப் பெயர் கொடுத்தவர் வரவில்லை. பெயரைச் சொல்ல மாட்டேன். முதல் நாள் இரவு ஒரு வரி அனுப்பியிருந்தால் போதும், வேறு ஆள் பார்த்திருப்பேன். 26 ஞாயிறில் 11 முறை படகு முறைக்காரர் வரவே இல்லை. அந்த 11 நாளும் நான் நீந்தவில்லை, படகில் உட்கார்ந்தேன். அதை உதவியாகச் சொல்லவில்லை, நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன்.

வரவு செலவை விரிவாகப் பொருளாளர் வைத்திருக்கிறார், கேட்டால் காட்டுவார். சுருக்கமாக, தலைவரும் இரண்டு மூன்று நண்பர்களும் கைகொடுத்ததால் ஓரளவு ஈடுகட்டினோம். ஆனால் உறுப்பினர் 46 பேரில் ஆண்டுச் சந்தா 1,500 ரூபாயை முழுதாகக் கட்டியவர்கள் 19 பேர். படகுக்கு ஒரு ஞாயிறுக்கு 2,000 ரூபாய். ஜூஹு மோராகாவ் படகுக்காரருக்கு ஏப்ரல், மே வாடகை இன்னும் பாக்கி. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மீன்பிடித் தடை, அவருக்குக் கடல் வருமானம் கிடையாது. அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அதனால்தான் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தலைவருக்கும் பொருளாளருக்கும், கரையில் துணிமணிகளைக் காத்த குடும்பத்தாருக்கும், தேநீர் கொண்டு வந்த சயான் சகோதரிகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள இளையவர் யாராவது முன்வந்தால் கடல் நோட்டை மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் தொடரவும் தயார். ஆனால் படகும் அதில் ஓர் ஆளும் இல்லாமல் ஒருவரையும் தண்ணீரில் இறக்க என்னால் முடியாது. அக்டோபர் படகு முறைப் பட்டியல் வாசல் மேஜையில் இருக்கிறது, இன்னும் ஒரு பெயரும் எழுதப்படவில்லை. பக்கத்திலேயே பொருளாளர் ரசீது புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஜிபேயிலும் அனுப்பலாம்.