முதல் நாளே முக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கோழிக்குஞ்சுகளுக்கு வரும் கழிச்சல் பற்றிய உங்கள் கட்டுரையில் மருந்துகளைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் பொரித்த முதல் நாளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முக்கியமானதே அதுதான் என்பேன்.

தாய்க்கோழியோடு திரியும் குஞ்சு, அதன் எச்சம் விழுந்த தரையைக் கொத்தும்போதே நல்ல பாக்டீரியாக்களையும் விழுங்கிவிடுகிறது. இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் குடல் ஏறக்குறைய ஆளில்லாத வீடு. அங்கே முதலில் சால்மோனெல்லா என்ற நோய் தரும் பாக்டீரியா நுழைந்தால் தடுக்க யாருமில்லை. வளர்ந்த கோழியை ஒன்றும் செய்யாத சொற்பக் கிருமிகளே ஒரு நாள் குஞ்சைத் தொற்றப் போதும்.

1970களின் தொடக்கத்தில் பின்லாந்தின் கறிக்கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா பரவியபோது எஸ்கோ நூர்மி, ரன்டாலா என்ற ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். நோயில்லாத வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததை எடுத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். அந்தக் குஞ்சுகள் தொற்றை எதிர்த்து நின்றன. 1973இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் முடிவுகள் வெளிவந்தன. நல்ல பாக்டீரியாக்கள் குடல் சுவரில் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன, கெட்டதற்கு வேண்டிய சத்தைத் தின்றுவிடுகின்றன. குருட்டுக்குடலில் அவை உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள் சால்மோனெல்லாவைப் பெருகவிடுவதில்லை.

இவ்வளவு தெரிந்தும், குஞ்சு இறங்கியதுமே 'எதற்கும் இருக்கட்டும்' என்று தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் என்னை வருத்துகிறது. நோயே இல்லாத குஞ்சின் குடலில் அப்போதுதான் குடியேறும் நல்லதையும் சேர்த்து அழிக்கிறோமே! குளோரின் கலந்த தண்ணீரில் இந்த நல்ல பாக்டீரியாக்களின் கலவையைக் கரைத்தாலும் இதே கதிதான்.

இந்தக் கலவை எல்லாவற்றுக்கும் தீர்வு என்று சொல்லவில்லை. நோய் வந்தபின் கொடுத்தால் பலன் குறைவு. முட்டை வழியாகத் தாயிடமிருந்தே வந்த தொற்றை முழுதாகத் தடுக்காது. லாக்டோபேசில்லஸ் என்ற ஒரு வகை நல்ல பாக்டீரியா மட்டும் உள்ள பொடி, பலவகை பாக்டீரியாக்கள் சேர்ந்த குடல் கலவைக்கு ஈடாகாது. அப்புறம், கோழி எச்சம் கலந்த பழைய கூளத்தை அள்ளிப் போட்டால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதில் ரத்தக்கழிச்சல் கிருமியும் இருக்கலாம். நோய்க்கிருமி இல்லை என்று சோதித்த கலவைதான் சரி.

பொரிப்பகத்திலேயே குஞ்சுகள் மேல் இதைத் தெளிக்கலாம், இல்லையென்றால் முதல் குடிநீரில் கொடுக்கலாம். எந்த முறையை எப்படிச் செய்வது என்று ஒரு கால்நடை மருத்துவரை எழுதச் சொல்லி அடுத்த இதழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கோழி வளர்க்கும் வாசகர்