பானையில் தேத்தாங்கொட்டை உரசிய ஆச்சிக்கும் மற்றவர்களுக்கும்

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கொள்ளுகுடிப்பட்டி சொந்தங்களுக்கு வணக்கம்.

ஆவணப்படம் எடுக்கிறேன் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு இந்தச் சிவகங்கைப் பக்கம் அலையத் தொடங்கி 17 வருஷமாகிறது. போன வாரம் ஊருணிப் படத்தைப் பொட்டலில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டுக் காட்டினோம். முடிந்து நான் மைக்கை வாங்கியதும் கரண்ட் போய்விட்டது. சொல்ல நினைத்ததை எழுதிவிடுகிறேன்.

முதலில் ஆச்சி. ஊருணித் தண்ணீரை எப்படித் தெளிய வைப்பீர்கள் என்று கேட்டதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை வட்டம் வட்டமாக உரசினார், கலங்கல் தண்ணீரை ஊற்றினார். "இருங்க தம்பி, மண்டி இறங்கட்டும்." முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அடி தெரிகிற நேரத்தில் என் பேட்டரி தீர்ந்தது! மறுநாள் திரும்பவும் செய்து காட்ட வந்தார், அதே கண்டாங்கிச் சேலையில். "நேத்துக் கட்டுனதைத்தானே இன்னிக்கும் கட்டணும்?" உதவி இயக்குநருக்கே தோன்றாத விஷயம் அது.

தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிற ஆத்தங்குடி அண்ணன் கண்ணாடிமேல் அச்சு வைத்து, கரண்டியால் வண்ணச் சிமெண்டை ஊற்றிக்கொண்டிருந்தார். என் ஸ்டாண்டு இடித்து மூன்று பூக்கல் கலைந்தது. காசு வாங்கவில்லை. பச்சை சிவப்புக்குள் ஓடிய ஒரு கல் இப்போது என் மேசையில் கிடக்கிறது.

வேட்டங்குடி 1977-ல் சரணாலயமானது. அங்குள்ள பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி போடாத ஊர் கொள்ளுகுடிப்பட்டி. அந்த ராத்திரி நான் ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்றதும் டிவியையும் நிறுத்தினீர்கள். நாரைச் சத்தத்துக்கு நடுவே ஒரு பிள்ளை சிரிப்பது கேட்கும். அதை நான் வெட்டவில்லை.

தைலமரக் காட்டுக்குள் வரப்புப் போட்டு மழைத்தண்ணியை மறிப்பதால் கண்மாய்க்கு வரத்து நின்றுபோனது என்று முகத்தை மறைக்காமல் பேசினீர்கள். அதை நீக்கினால் படத்தை வாங்கிக்கொள்கிறோம் என்றது ஒரு தொலைக்காட்சி. கொடுக்கவில்லை. அதனால் வந்த கடனில் பாதி மெஸ் அக்காவுக்குத்தான். அவர் நோட்டில் என் பெயரே கிடையாது. 'படம்' என்றுதான் கணக்கு. எட்டு மாதம் எடிட்டிங்குக்குத் தன் வீட்டுப் பட்டாலையை, அதாவது முன்கூடத்தை, திறந்துவிட்ட வீட்டுக்காரர் வாடகைப் பேச்சே எடுக்கவில்லை.

ஆச்சி, உங்கள் பானை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன். விளிம்பில் லேசாக விரிசல் விட்டிருக்கிறது, திட்டக் கூடாது.