ஆண்டறிக்கை 2025: விழாக்களும் நம் வழக்கங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்கத்தின் மூத்தவர்களே, தாய்மார்களே, இளையோரே, அனைவருக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழுக் கூட்டக் குறிப்புகள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன, வேண்டியவர்கள் எடுத்துப் பார்க்கலாம். நான் நேராக விழாக்களுக்கு வந்துவிடுகிறேன். இந்த முறை அவற்றைப் பற்றி நாம் சேர்ந்து ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் சங்கத்தின் வேர் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. 1938இல் அங்கே ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில், கப்பலை உள்ளே நிறுத்திப் பழுதுபார்க்கும் துறை திறக்கப்பட்டது. தளத்தில் வேலை பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். சொந்தபந்தம் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். நல்லது கெட்டதுக்கு நிற்க ஆள் வேண்டுமே என்றுதான் பெரியவர்கள் இந்தச் சங்கத்தைக் கூட்டினார்கள். 1968 டிசம்பரில் தளத்தின் பட்டறை செம்பவாங் கப்பல் பட்டறை ஆனது. பிறகு குவார்ட்டர்ஸ் காலியாகி, குடும்பங்கள் ஈசூன், உட்லண்ட்ஸ், அங் மோ கியோ என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளுக்குப் பிரிந்து போயின. சங்கம் மட்டும் பிரியவில்லை.

அதனால்தான் ஆகஸ்ட் 17ஆம் தேதி தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் செம்பவாங் கப்பல் பட்டறையைப் பற்றிப் பேசியபோது அன்றிரவே நம் வாட்ஸ்அப் குழுவில் மூத்தவர்களின் குரல் பதிவுகள் வரிசையாக வந்தன. பட்டறை இடம்பெயர்ந்ததும் அந்த வட்டாரம் கடலோரக் குடியிருப்புப் பகுதியாக மாறும் என்றும், பழைய ஜார்ஜ் மன்னர் துறையை மக்கள் கூடும் இடமாக, விழாக்காலச் சந்தை போடும் இடமாக ஆக்கலாம் என்றும் அவர் சொன்னார். அந்தத் துறை ஓரத்தில் ஒருநாள் நம் பானை பொங்க வேண்டும் என்று அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் ஒருவர் சொல்ல, எல்லாரும் கைதட்டிவிட்டோம். முறையாகக் கடிதம் எழுதிக் கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. தளத்தில் எடுத்த பழைய படம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எது வீட்டில் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எங்களிடம் காட்டுங்கள்.

சரி, விழாக்கள். பொங்கலை வழக்கம்போல் தை முதல் நாளை அடுத்த ஞாயிறன்று, புளோக்கை ஒட்டிய திறந்தவெளியில் நகர மன்ற அனுமதியோடு வைத்தோம். பானையும் கரும்பும் தேக்கா சந்தையில் வாங்கியவை. மூத்த பாட்டி ஒருவர் முதல் கை அரிசியைப் போட, சங்கத்திலேயே சிறிய பிள்ளை இரண்டாவது கை போட வேண்டும். இந்த ஆண்டு அந்தப் பிள்ளைக்குக் கை நிறைய அரிசி, பானைக்குள் விழுந்தது பாதி. பாட்டி குனிந்து மீதியைப் பொறுக்கி, அதே பிஞ்சுக் கையில் வைத்து மறுபடி போடச் சொன்னார். 1952இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள், சாதி சமயம் பார்க்காமல் தமிழர் எல்லாருக்குமான நாளாக இருந்தது. நம் முஸ்லிம், கிறிஸ்துவ உறுப்பினர்கள் அகப்பை பிடித்துக் கிண்டும்போது அந்த எண்ணம் இன்னும் உயிரோடு இருப்பது தெரிகிறது.

ஏப்ரலில் பங்குனி உத்திரம். செம்பவாங்கில் மரத்தடியில் தொடங்கி இப்போது ஈசூனில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் தளத்துத் தொழிலாளர் கும்பிட்ட கோயில். காவடி, பால்குடம் எடுப்பவர்களுக்கு நீர்மோரும் பானகமும் கொடுத்தோம். மே தினத்தில் தங்கும் விடுதிகளில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மதிய உணவு. அவர்களில் சிலர் நம் தாத்தாக்கள் வேலை பார்த்த அதே பட்டறையில் வேலை செய்பவர்கள், அதனால் இது தானம் இல்லை, பந்தி. நாட்டின் 60ஆம் பிறந்தநாளுக்கு வசிப்போர் குழுவோடு சேர்ந்து கொடியேற்றினோம்.

அப்புறம் தீபாவளி. சிராங்கூன் சாலையின் ஒளியூட்டைப் பார்க்க ஊரே போகிறது. சமூக மன்றங்களிலும் கொண்டாட்டத்துக்குக் குறைவில்லை. நம் சங்கத்துக்கு மட்டுமே உரிய வேலை ஒன்று இருக்கிறது, அதுதான் பலகார டின். அந்த ஆண்டு துக்கம் நடந்த வீட்டில் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அடுக்குமாடி வீட்டில் பக்கத்துக் கதவில் இருப்பவர் யாராகவும் இருக்கலாம், வழக்கம் தெரியாமல் இருக்கலாம். அந்த அக்கம்பக்கமாகச் சங்கம் நிற்கிறது.

தீபாவளிக்கு முந்தைய வார இறுதியில் துணைத்தலைவர் வீட்டில் அக்காமார் கூடினார்கள். முறுக்கு, ஓமப்பொடி, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, பிள்ளைகளுக்காக சூஜி பிஸ்கட். கடையில் வாங்கி நிரப்பிவிடலாமே என்று ஒரு பேச்சு வந்தது. வேண்டாம் என்றார்கள், சரியாகச் சொன்னார்கள். டின்னைத் திறந்ததும் வீட்டுப் பலகாரத்தின் வாசனை வர வேண்டும்.

கணவரை இழந்த ஒரு சின்னம்மா வீட்டுக்கு நானும் போனேன். சோபாவில் உட்கார்ந்து வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு அவராகவே டின்னைத் திறந்து, ஒரு முறுக்கை எடுத்து இரண்டாக உடைத்து, பாதியைப் பேரனிடம் கொடுத்தார். “உங்க தாத்தா ஒரு வருஷம் விடாம இந்த டின்னைத் தூக்கிட்டு வீடு வீடா போவாரு” என்றார். அந்தப் பையன் இதுவரை நம் எந்த விழாவுக்கும் வந்ததில்லை. அடுத்த ஆண்டு டின் கொண்டுபோக அவன் பெயரைக் கொடுத்திருக்கிறான்.

இன்னொரு செய்தியும் உண்டு. டின் வெறுமனே திரும்பி வரக்கூடாது என்பது முறை. மறு தீபாவளிக்கு அந்த வீட்டில் சுட்ட பலகாரத்தோடு வர வேண்டும். சென்ற ஆண்டு போன டின்கள் எல்லாமே இந்த ஆண்டு நிறைந்தே வந்தன. முஸ்லிம், கிறிஸ்துவக் குடும்பங்களில் இந்த விலக்கு கிடையாது என்றாலும், துக்கத்துக்குப் பிறகு வரும் முதல் பெருநாளுக்கும் கிறிஸ்துமசுக்கும் நாம் போய்ப் பார்க்கிறோம்.

இனி முடிவெடுக்க வேண்டிய விஷயம். ஹோட்டலில் வைக்கும் ஆண்டு விருந்துக்கு ஒவ்வோர் ஆண்டும் செலவு கூடிக்கொண்டே போகிறது. வயதானவர்கள் இரவில் அவ்வளவு தூரம் வரத் தயங்குகிறார்கள், குடும்பமாக வருபவர்களுக்கு டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை. மேடை நிகழ்ச்சி நடக்கும்போது ஒருவரோடு ஒருவர் பேசவும் முடிவதில்லை. அதைச் சமூக மன்றத்தில் பகல் விருந்தாக மாற்றி, வாழை இலை போட்டு, நம் பிள்ளைகளே பரிமாறலாம் என்பது செயற்குழுவில் பெரும்பாலோர் கருத்து. மிச்சமாகும் பணம் மரண சகாய நிதிக்கும், நடமாட முடியாத மூத்தவர்களை விழாக்களுக்கு வண்டியில் அழைத்து வரவும் போகட்டும். ஹோட்டல் விருந்தில்தான் இளையோர் வருகிறார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் அக்கறையும் உண்மையானது. ஆனால் ஒரு வேலையைக் கையில் கொடுத்தால் இளையவர்கள் வருகிறார்கள் என்பதே இந்த ஆண்டு நான் கண்டது. தீர்மானத்துக்கு ஆதரவு தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மறைந்த உறுப்பினர்களின் பெயர்களை இப்போது தலைவர் வாசிப்பார், அனைவரும் எழுந்து நிற்போம். அதன்பின் இந்த அறிக்கையை ஏற்குமாறு பொதுக்கூட்டத்தைப் பணிவுடன் வேண்டுகிறேன். பொங்கல் வேலைக்குப் பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசல் மேசைக்கு வாருங்கள். கரும்பு தூக்க ஆள் தேவை.

நன்றி.
செயலாளர்