ராமலிங்க விலாசத்தின் சுவரில் சிமெண்ட் வேண்டாம்: ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், ராமநாதபுரம்.

பொருள்: சேதுபதி அரண்மனை ராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களைப் பாதுகாக்க வேண்டி.

மதிப்பிற்குரிய அய்யா, வணக்கம்.

ராமலிங்க விலாசத்தில் எப்போது மராமத்து வேலை நடந்தாலும் சிமெண்ட்டை உள்ளே விடாதீர்கள். ஓவியச் சுவர் எதையும் தொடுவதற்கு முன் அதை முழுதாகப் படமெடுத்துப் பதிவு செய்ய உத்தரவிடுங்கள்.

கிழவன் சேதுபதி காலத்தில் எழும்பிய கட்டடம் இது. உள்ளே போனால் கோயில் மாதிரியே மகா மண்டபம், அர்த்த மண்டபம் என்று போகும். அவருக்குப் பின் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் வரைந்த ஓவியங்கள்தான் சுவர் முழுக்க. ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுப்பது, தஞ்சை மராட்டியப் படையோடு நடந்த சண்டை, அய்ரோப்பியர்களை மன்னர் வரவேற்பது, அப்புறம் ராமாயணம், பாகவதம். படங்களோடு அந்தக் காலத்துத் தமிழிலேயே விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். சுமார் 300 வருடங்களுக்கு முன் யாரோ ஒரு ஓவியர் தூரிகையால் எழுதிய அந்த வரி ஒன்று உதிர்ந்தாலும் திரும்பக் கிடைக்காது. 1798 செப்டம்பரில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும், கைகலப்பாகி லெப்டினன்ட் கிளார்க் இறந்ததும், கட்டபொம்மன் தப்பித்துப் போனதும் இதே அரண்மனையில்தான். அந்தக் கதையாவது ஏட்டில் இருக்கிறது, ஓவியம் சுவரில் மட்டும்தான் இருக்கிறது.

நம் ஊர் கடலுக்குப் பக்கத்து ஊர், காற்றிலேயே உப்பு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, பூச்சு இல்லாத பக்கமாக, அதாவது ஓவியம் இருக்கிற பக்கமாக உப்புப் பூத்து, வண்ணம் செதில் செதிலாக உதிரும். பழைய முறையில் சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார்களைக் கொண்டே இந்த வேலையைச் செய்ய வேண்டும். டெண்டரில் விலை குறைவு என்பதற்காக வேறு ஆட்களிடம் கொடுத்துவிட வேண்டாம்.

அதோடு, ஐப்பசி மழைக்கு முன் மேல்தளத்தில் எங்கே தண்ணீர் இறங்குகிறது, வடிகால் அடைத்திருக்கிறதா என்று தொல்லியல் துறையோடு சேர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கை படாத தூரத்தில் தடுப்பு வேண்டும். ஓவியத்தில் எழுதியிருப்பதை இன்றைய எழுத்தில் பெயர்த்து எழுதிப் பக்கத்திலேயே வைத்தால், பள்ளிப் பிள்ளைகள் தாங்களே படித்துக்கொள்வார்கள்.

ஆய்வு முடிந்ததும் அறிக்கையின் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் நகரவாசி