மூன்றாம் நாள் வந்தவருக்கு இன்றிரவே ஸ்டென்ட் எதற்கு?

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

மாரடைப்பு வந்த முதல் 12 மணி நேரத்துக்குள் அடைப்பைத் திறப்பது உயிரைக் காக்கும். அதில் எனக்கு வழக்கில்லை. என் கேள்வி, தாமதமாக வருகிறவர்களுக்கு ஸ்டென்ட் (அடைபட்ட இதயக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைப்பதைப் பற்றியது.

நெஞ்செரிச்சலை வாயு என்று நினைத்துச் சோடா குடித்துவிட்டு வயலுக்குப் போனவர் என் சித்தப்பா. மூன்றாம் நாள் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தபோது வலி நின்றிருந்தது. ரத்த அழுத்தம் சீராக இருந்தது. உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். ஆஞ்சியோ (இதய ரத்தக் குழாய்ப் படம்) எடுத்தார்கள். "ஒரு குழாய் நூறு சதவீதம் அடைப்பு. இன்றிரவே ஸ்டென்ட் வைக்காவிட்டால் நாங்கள் பொறுப்பில்லை" என்றார்கள்.

சித்தியிடம் நீட்டிய ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலம். கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, "எல்லாரும் போடுவதுதான் அம்மா" என்று பதில். பணம் கட்டுமிடத்துப் பலகை மட்டும் பிழையில்லாத தமிழில் இருந்தது. சித்தப்பா இப்போது நலம். அது ஸ்டென்ட்டாலா மாத்திரையாலா என்று யாரும் சொல்லவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

2006இல் வெளியான ஓஏடி (OAT, அடைபட்ட இதயக் குழாயைப் பற்றிய மருத்துவ ஆய்வு) நீங்கள் அறியாததல்ல. மாரடைப்பு வந்து 3 முதல் 28 நாள் ஆகி, நிலை சீராக இருந்த 2,166 பேரை ஆராய்ந்தார்கள். முற்றிலும் அடைபட்ட குழாயைத் திறந்ததால் இறப்போ, மறு மாரடைப்போ, இதயச் செயலிழப்போ குறையவில்லை. வலி தொடர்ந்தாலோ அழுத்தம் சரிந்தாலோ கதை வேறு; அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். எங்களுக்குக் காரணத்தைச் சொல்லுங்கள், தமிழில் எழுதிச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஸ்டென்ட் விலைக்கு 2017இல் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. இந்த நோயாளிக்கு ஸ்டென்ட் தேவைதானா என்று கேட்கத்தான் ஆளில்லை. நீங்கள் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுக்கிறீர்கள், நல்ல காரியம். ஆனால் எங்கள் ஊரில் அது பலருக்குத் தெரியாது. தனியார் மருத்துவமனைகளின் விளம்பரத் தட்டிகளோ நெடுஞ்சாலை நெடுகத் தெரிகின்றன. இதய நாள் வந்தால் நடைப்பயணம், தொப்பி, பனியன்!

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருள்க. தாமதமாக வரும் மாரடைப்பு நோயாளிக்கு ஸ்டென்ட் வைக்குமுன், ஏன் வைக்கிறோம், மருந்தோடு நிறுத்தினால் என்ன ஆகும், செலவு எவ்வளவு என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமென எல்லா மருத்துவமனைகளுக்கும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உடனடி ஆபத்து இல்லாதவர் என்றால், வீட்டார் அதைப் படித்து இன்னொரு மருத்துவரிடம் கேட்டுவர ஒரு நாள் அவகாசமும் அந்த ஆணையிலேயே இருக்கட்டும்.